டை ஹார்ட்: முதல் பாகமா, இரண்டாம் பாகமா?

‘டை ஹார்ட்’ ஹாலிவுட் அதிரடிப் படங்களில் கிறிஸ்துமஸ் இரவில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால், ஜான் மெக்டீர்னன் இயக்கிய முதல் பாகத்தையே (1988) போடுங்கள்.

ஆரம்பத்திலேயே விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் ஒரு யோசனை சொல்கிறார்: ஷூவைக் கழற்றிவிட்டு, கம்பளத்தில் கால்விரல்களை மடக்கி நடந்தால் களைப்பு தீரும். மனைவியின் அலுவலகக் கிறிஸ்துமஸ் விருந்துக்கு வந்த நாயகன் அதைச் செய்து பார்க்கிறான். கொஞ்ச நேரத்தில் துப்பாக்கிச் சத்தம்: பெட்டகத்தைக் கொள்ளையடிக்க வந்த கும்பல் கட்டடத்தைப் பிடித்துவிடுகிறது. வெறுங்காலோடு ஓடியவன் கடைசியில் கண்ணாடிச் சில்லுகளை மிதிக்கிறான். முன்பு போட்ட முடிச்சு பின்னால் பலிப்பது, பெட்டகத்தின் ஏழாவது பூட்டிலும் அப்படித்தான். மின்சாரத்தைத் துண்டித்தால்தான் திறக்கும், அதை அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யே செய்துகொடுக்கிறது! நாயகன் முதுகில் துப்பாக்கியை ஒட்டி மறைப்பதும் கிறிஸ்துமஸ் பரிசு கட்டும் டேப்பால்தான். பண்டிகையை எடுத்துவிட்டால் கதையே நிற்காது.

ரென்னி ஹார்லினின் இரண்டாம் பாகத்தில் (1990) பண்டிகை பெரும்பாலும் பனியாகவே நிற்கிறது. வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையத்தில் வில்லன்கள் தரையிறங்க வழிகாட்டும் கருவியில் தரைமட்டத்தை 200 அடி தாழ்த்திக் காட்ட, ஒரு விமானம் ஓடுபாதையில் மோதுகிறது. விமானியிடம் சொந்த உயரமானி இருக்குமே! வட்டமிடும் மற்ற விமானங்கள் பக்கத்து பால்டிமோருக்குப் போயிருக்கலாமே! ஆனாலும் எரிபொருள் கோட்டில் தீ ஓடி விமானத்தை எட்டும் காட்சி அபாரம்.

இரண்டையும் பார்ப்பதானால் வரிசை மாற்றாதீர்கள். இரண்டாம் பாகத்தில் நாயகனின் மனைவிக்கும் டிவி நிருபருக்கும் உள்ள பகை, முதல் பாகத்தின் கடைசியில் அவள் அவனுக்கு விட்ட குத்தில் தொடங்கியது.