லைட்டர் காட்டிய காட்டன்

துணிக் கடைக்காரர் என் கண் முன்னாலேயே நூலைக் கொளுத்திக் காட்டினார், நானும் அது சுத்தக் காட்டன் என்று நம்பினேன். ஏமாந்த கதை இவ்வளவுதான். ஆனால் அந்தச் சோதனையில் எங்கே ஓட்டை இருந்தது என்று தெரிந்தால்தான் அடுத்தவருக்குப் பயன்படும். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

வெயில் ஏற ஆரம்பித்ததும் எனக்கு ஒரு குர்தாவும் மகளுக்கு ஒரு கவுனும் தைக்கலாம் என்று துணி எடுக்கப் போனேன். வெளிர் மஞ்சளில் குட்டிக் குட்டி நீலப்பூ போட்ட துணி. பார்த்ததுமே கை அதன் மேல் போய்விட்டது. தொட்டால் வழுவழு என்று இருந்தது, லேசாக மினுங்கியது. அந்த மினுக்கம்தான் உறுத்தியது. "இது காட்டன்தானா?" என்று கேட்டேன்.

"சுத்தமான காட்டன் அக்கா. மெர்சரைஸ் பண்ணது, அதான் பளபளப்பு" என்றார். நம்பக்கூடிய பதில்தான். பருத்தியைக் காஸ்டிக் சோடாவில் நனைத்து, இழுத்துப் பிடித்துப் பதப்படுத்தினால் பளபளப்பு வரும். 19-ஆம் நூற்றாண்டிலிருந்து நடக்கிற வேலை அது. நான் இன்னும் தயங்குவதைப் பார்த்துவிட்டு, துணியின் வெட்டு முனையிலிருந்து ஒரு நூலை உருவி லைட்டரைப் பற்ற வைத்தார். காகிதம் எரிகிற வாசனை. விரலில் தேய்த்தால் பொடியாக உதிர்கிற சாம்பல். பருத்தி எரிந்தால் இப்படித்தான் இருக்கும். "இப்ப நம்புறீங்களா அக்கா?" என்றார். 5 மீட்டர் கிழித்துத் தரச் சொன்னேன்.

வழக்கமாகப் புதுத் துணியை ஓர் இரவு தண்ணீரில் ஊற வைத்து, நிழலில் காயவைத்து, தேய்த்துவிட்டுத்தான் கத்தரியை எடுப்பேன். இந்த முறை அவசரம். அந்தத் தப்பு என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். உள்ளே பிசிறு குத்தக் கூடாது என்று பக்கத் தையலை எல்லாம் ஃபிரெஞ்சு சீமாகப் போட்டேன். முதலில் வெளிப்பக்கம் ஒரு தையல், ஓரத்தை ஒட்ட வெட்டி, திருப்பி உள்ளே இன்னொரு தையல். இரண்டு நாள் மாலை அதற்கே போனது. இஸ்திரிப் பெட்டியைக் காட்டன் சூட்டில் வைத்துத் தேய்த்தபோது தோள் பக்கம் கண்ணாடி மாதிரி ஒரு திட்டு விழுந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மெர்சரைஸ்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

போட்ட முதல் நாளே, மதியத்துக்குள் குர்தா முதுகோடு ஒட்டிக்கொண்டது. வியர்வை துணியில் இறங்காமல் உள்ளே வழிந்துகொண்டே இருந்தது. மகளுக்குக் கழுத்தைச் சுற்றி வேர்க்குரு கிளம்பிவிட்டது. இவ்வளவு அழகான கவுனைப் போட்டுக்கொண்டு அவள் நாள் முழுக்கச் சொறிந்துகொண்டிருந்ததைப் பார்க்கவே முடியவில்லை.

துவைத்ததும் குட்டு இன்னும் வெளிப்பட்டது. 40 இஞ்ச் சுற்றளவுக்குத் தைத்த குர்தா மார்பில் 38-க்கு வந்திருந்தது. ஃபிரெஞ்சு சீம் போட்டதால் பிரித்துவிட உள்ளே துணி இல்லை. சரி, காட்டன் என்றால் சுருங்கத்தான் செய்யும் என்று நினைத்தேன். ஆனால் நீளம் அப்படியே இருந்தது! இதுதான் என்னை உட்கார வைத்தது. நெய்யும்போது நீளவாக்கில் ஓடும் பாவு நூலை விறைப்பாக இழுத்துக் கட்டுவதால் பருத்தித் துணி பெரும்பாலும் நீளவாக்கில்தான் கூடுதலாகச் சுருங்கும். இது அகலத்தில் மட்டும் சுருங்கியிருக்கிறது.

மிச்சம் இருந்த துண்டை அளந்தேன். 44 இஞ்ச் பன்னா (துணியின் அகலம்), 20 இஞ்ச் நீளம். ஊற வைத்துக் காயவைத்து மறுபடி அளந்தால், பன்னா 42, நீளம் அதே 20. இரண்டு பக்கத்து நூலையும் தனித்தனியாக உருவிப் பார்த்தேன். குறுக்கே போகும் ஊடை நூல் பஞ்சுபஞ்சாக, மென்மயிர் எழும்பி இருந்தது. நீளவாக்கில் போகும் பாவு நூல் ஒரே சீராக, வழுக்கலாக, பளபளவென்று இருந்தது. ஊடையைக் கொளுத்தினேன், கடையில் பார்த்த அதே சாம்பல். பாவு நூலை நெருப்பிடம் கொண்டுபோனதும் அது சுருண்டு பின்வாங்கி, உருகி, நுனியில் கறுப்பாக ஒரு மணி திரண்டது. ஆறியதும் நகத்தால் நசுக்கினேன், உடையவில்லை. பாலியெஸ்டர்.

ஆக, அவர் எரித்தது பருத்தி நூல்தான். துணியின் வெட்டு முனையில் சுலபமாகக் கழன்று வருவது ஊடை நூல். அதை மட்டும் எரித்துக் காட்டினால், பாவு முழுக்கப் பாலியெஸ்டராக இருந்தாலும் சோதனையில் தேறிவிடும். பருத்தி காற்றில் இருக்கும் ஈரத்தைக்கூடத் தன் எடையில் சுமார் 8 சதவீதம் வரை பிடித்துவைக்கும். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூடப் பிடிக்காது. வெயிலில் நாங்கள் பட்ட பாட்டுக்கு வேறு விளக்கம் வேண்டாம்.

ஒருவேளை அவருக்கே தெரியாதோ என்ற சந்தேகத்தோடு திரும்பப் போனேன். "தைச்ச துணியை எடுக்க மாட்டோம் அக்கா. காட்டன்தான்னு எரிச்சே காட்டினேனே?" என்றார். "இன்னொரு தடவை காட்டுங்க, இந்தத் தடவை நீளவாக்கில் ஒரு நூல்" என்றேன். மறுபடியும் வெட்டு முனையிலேயே கை வைத்தார். அது இல்லை, கரையோரமாக உருவுங்கள் என்றதும் லைட்டர் சட்டைப்பைக்குள் போய்விட்டது. பில்லில் "மெட்டீரியல் 5 மீ" என்று மட்டும்தான் இருந்தது. காட்டன் என்ற சொல்லே இல்லை. எழுதி வாங்கியிருந்தால் பேச ஒரு பிடி இருந்திருக்கும்.

கலப்புத் துணியே கெட்டது என்று நான் சொல்லவில்லை. கசங்காது, சீக்கிரம் காயும், தேவைப்படுகிறவர்கள் தெரிந்தே வாங்கட்டும். வெயிலுக்கு என்று கேட்கிறவரிடம் சுத்தக் காட்டன் என்று கொடுப்பதுதான் மோசடி. நீங்கள் துணி எடுக்கப் போனால் விரல் அகலத்துக்கு ஒரு மூலைத் துண்டு கேளுங்கள். அதில் நீளத்துக்கு ஒரு நூல், குறுக்கே ஒரு நூல் உருவி இரண்டையும் எரித்துப் பாருங்கள். சிறு இடுக்கியில் பிடித்து, தட்டின் மேல் வைத்துச் செய்யுங்கள். உருகிய மணி விரலில் ஒட்டினால் தோலோடு வரும். மரக்கூழிலிருந்து செய்கிற ரேயானும் காகிதம் போலத்தான் எரியும், ஆகவே அதைக் கண்டுபிடிக்க நூலின் நடுவில் ஈரப்படுத்தி இழுங்கள். ஈரமான இடத்தில் பொசுக்கென்று அறுந்தால் ரேயானாக இருக்கலாம். வெயிலுக்கு அதுவும் நல்லதுதான், துவைக்கும்போது முறுக்கிப் பிழியாமல் இருந்தால் போதும். அப்புறம், லைனிங் துணியை மறந்துவிடாதீர்கள். மேலே நல்ல காட்டனைப் போட்டு உள்ளே வழவழ பாலியெஸ்டர் லைனிங் கொடுத்தால், வியர்வைக்கு அதுவும் பாலியெஸ்டர் துணியும் ஒன்றுதான்.

குர்தாவைப் பிரித்துத் தையல் மெஷினுக்கு உறை தைத்துவிட்டேன். கவுனை மட்டும் மகள் தர மாட்டேன் என்கிறாள். பூ அழகாக இருக்கிறதாம். உள்ளே பழைய பருத்திச் சேலையில் லைனிங் வெட்டிக்கொண்டிருக்கிறேன்.