குணத்தைச் சொல்லும் ஆங்கிலம்: பட்டியலா, வேரா, அட்டையா, வாசிப்பா?

"மை ஃபாதர் இஸ் நொட்டோரியஸ் ஃபார் ஹிஸ் தோசா" என்றாள் ஒருத்தி. ரங்கூனில் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பகுதிக்கு நான் எடுக்கும் டியூஷனில், மாதிரித் தேர்வு நடந்துகொண்டிருந்தது. அனவ்ரட்டா சாலைப் பக்கம் அவள் அப்பாவின் தோசைக்குச் சாயங்காலமானால் கூட்டம் அள்ளும். அதைத்தான் பெருமையாகச் சொல்ல வந்தாள். கேட்கிறவர் காதில் விழுவதோ, அந்தத் தோசையைத் தின்று பத்துப் பேர் ஆஸ்பத்திரியில் படுத்த கதை.

எங்கே பிடித்தாய் இந்தச் சொல்லை என்றேன். ஜெராக்ஸ் தாள் ஒன்றை நீட்டினாள். 'ஃபேமஸ்', 'ரினௌன்ட்', 'நொட்டோரியஸ்' மூன்றும் ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தன. மூன்றுக்கும் எதிரே ஒரே விளக்கம்: பேர் பெற்ற.

"எல்லாம் ஒண்ணுதானே, சயாமா?" என்றாள். பர்மியத்தில் சயாமா என்றால் டீச்சர்.

இந்தத் தேர்வில் பேச்சுக்கு நான்கு அளவுகோல்கள், அவற்றில் சொல்வளம் ஒன்று. இரண்டாம் பகுதியில் 1 நிமிடம் யோசித்துவிட்டு 2 நிமிடம் வரை பேச வேண்டும். தெரிந்த ஒருவரைப் பற்றிச் சொல் என்பது அங்கே அடிக்கடி வரும் கேள்வி. 7ஆம் பேண்டுக்கு, அதாவது 7 மதிப்பெண்ணுக்கு, அவ்வளவாகப் புழங்காத சொற்களும் வாயில் வரவேண்டும் என்பதால், குணம், நடத்தை, அதிர்ஷ்டம் பற்றிய கனமான சொற்களைத் தேடி எல்லாரும் ஓடுகிறார்கள். அந்த ஓட்டத்துக்கு நான்கு வழிகள் உண்டு. நான்கையும் பிள்ளைகளிடம் போட்டுப் பார்த்திருக்கிறேன், எனக்கும் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

முதலில் பட்டியல். ஒரு தாளில் ஐம்பது குணச் சொற்கள், பக்கத்தில் தமிழிலோ பர்மியத்திலோ பொருள். காசு ஆகாது, டீக்கடையில் உட்கார்ந்தே முடித்துவிடலாம், முடித்த திருப்தியும் கிடைக்கும். ஆனால் ஒரே இனத்துச் சொற்களைச் சேர்த்து விழுங்கினால் அவை ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். டாமஸ் டிங்கம் 1993இல் இதைச் சோதனை வைத்தே காட்டினார்: பொருளில் நெருங்கிய சொற்களைக் கூட்டமாகப் படிப்பவர்களுக்கு, தொடர்பில்லாத சொற்களைப் படிப்பவர்களைவிட அதிக நேரம் பிடிக்கிறது. 1997இல் ராப் வாரிங் திரும்பச் செய்தபோதும் முடிவு அதே பக்கம்தான் சாய்ந்தது. பாடநூல்கள் இன்றும் தலைப்பு தலைப்பாகத்தான் சொல்லைக் கட்டித் தருகின்றன என்பது வேறு கதை.

அதைவிடப் பெரிய கோளாறு ஒன்று உண்டு. மனிதரைப் பற்றிய சொல் ஒவ்வொன்றிலும் மெச்சுதலோ திட்டுதலோ ஒளிந்திருக்கும். தமிழில் சிக்கனக்காரர் என்றால் மரியாதை, கஞ்சன் என்றால் சண்டை, எச்சில் கையால் காக்கா ஓட்டாதவன் என்றால் உறவே முறிந்தது. 'ஃப்ரூகல்', 'ஸ்டிஞ்சி', 'மைசர்லி' என்று ஆங்கிலத்திலும் அதே படிக்கட்டு இருக்கிறது. தாளில் படிக்கட்டு தெரியாது, எல்லாம் ஒரே தரையில் கிடக்கும். பட்டியலின் மேல் எனக்குக் கோபம் இதனால்தான். தேர்வுக்கு முதல் நாள், ஏற்கெனவே தெரிந்ததை ஒரு தரம் புரட்டிப் பார்க்கலாம். அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

அடுத்தது வேர். எனக்குப் பிடித்தது இதுதான், ஒளிக்கவில்லை. பர்மாவில் பிறந்த தமிழ்ப் பிள்ளைக்கு இது கையில் கிடைத்த வெல்லக்கட்டி.

ரங்கூனின் ஷ்வேடகோன் புத்தக் கோயிலுக்குப் போனால் பிறந்த கிழமை பார்த்து, அந்தக் கிரகத்தின் சிலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறோம் இல்லையா? அங்கேயே ஆங்கிலப் பாடம் நிற்கிறது. வியாழன் கிரகத்துக்கு ரோமர் வைத்த இன்னொரு பெயர் ஜோவ். அதிலிருந்து 'ஜோவியல்', கலகலப்பானவர். சனிக்கு 'சாட்டர்னைன்', எப்போதும் இருண்ட முகத்தோடு இருப்பவர். சனி பிடித்தவன் என்று சொல்லிப் பழகிய நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. செவ்வாய்க்கு 'மார்ஷியல்', போர்க்குணம். புதனுக்கு 'மெர்க்குரியல்', நேரத்துக்கு ஒரு மனநிலை. பர்மியக் கணக்கில் எட்டுக் கிழமை ஆவதே புதனால்தான்: காலையில் பிறந்தால் கொம்புள்ள யானை, பிற்பகலில் பிறந்தால் கொம்பில்லாத யானை, அது ராகுவுக்கு. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. 'மெர்க்குரியல்' என்ற சொல்லை இதற்கு மேல் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

உடம்பு வழியாகவும் போகலாம். வளி முதலா எண்ணிய மூன்று என்று வள்ளுவர் வைத்தார். கிரேக்கர் நான்கு வைத்தார்கள்: இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம். இரத்தம் தூக்கலானால் 'சாங்குவின்', நம்பிக்கை குறையாதவர். சளியானால் 'ஃப்ளெக்மாட்டிக்', இடி விழுந்தாலும் அசையாதவர். மஞ்சள் பித்தம் 'காலெரிக்', சிடுசிடுப்பு. கரும்பித்தம் 'மெலங்காலி', தீராத சோகம். பித்தம் தலைக்கேறிவிட்டது என்று வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளை இதை ஒரே மூச்சில் பிடித்துக்கொள்ளும்.

அதிர்ஷ்டத்துக்கு வந்தால் இன்னும் சுவை. காணப்படாதது என்பதே அதிர்ஷ்டம் என்ற வடசொல்லின் பொருள். ஆங்கிலத்தின் 'சான்ஸ்' விழுதல் என்ற லத்தீன் வேரிலிருந்து வந்தது. காய் எப்படி விழுகிறதோ அப்படி. தாயம் விழணும் என்கிறோமே, அதேதான். 'ஆஸ்பிஷஸ்' என்றால் மங்களகரமானது, அதன் வேரோ பறவை பார்த்துக் குறி சொல்வது. நம் சங்கப் பாட்டிலும் புள் என்றால் பறவை, சகுனமும் அதுவே. 'ஹாப்' என்ற பழைய நார்ஸ் வேரின் பொருள் அதிர்ஷ்டம். 'ஹாப்பி', 'ஹாப்லெஸ்', 'மிஸ்ஹாப்', 'பர்ஹாப்ஸ்' எல்லாம் அதன் பிள்ளைகள். ஒரு வேர் பிடித்தால் ஒரு குடும்பமே வீட்டுக்கு வந்துவிடும்.

வேர் காலை வாரும் இடமும் இருக்கிறது. 'எக்ரீஜியஸ்' என்பதன் வேர்ப்பொருள் மந்தையிலிருந்து தனித்துத் தெரிவது. ஒரு காலத்தில் பாராட்டு, இன்றைக்குப் படுமோசம். 'நைஸ்' கிளம்பிய இடம் அறியாமை. 'ஃபார்ச்சூயிட்டஸ்' தற்செயலானது மட்டுமே, 'ஃபார்ச்சுனேட்' போல நல்லது நடந்தாக வேண்டியதில்லை. சொந்தக்கார ஆங்கிலேயரே குழப்பிக்கொள்கிறார்கள். பாட்டன் குணத்தை வைத்துப் பேரனுக்குச் சான்றிதழ் எழுத முடியாது.

மூன்றாவது அட்டை. படித்தது மறப்பதற்குள் திரும்பப் பார், ஒவ்வொரு முறையும் இடைவெளியைக் கூட்டு: இவ்வளவுதான் சூத்திரம். மறதியை ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885இலேயே தன்மேல் சோதித்து அளந்துவிட்டார். 1972இல் செபாஸ்டியன் லைட்னர் அதை ஐந்து அறைப் பெட்டியாக்கினார். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தப்பானது முதல் அறைக்குத் திரும்பும். ஃபோனில் ஆங்கி என்ற செயலி இந்தக் கணக்கைத் தானே போட்டுக்கொள்ளும். ஆண்ட்ராய்டில் இலவசம், ஐபோனில் காசு, நெட் இல்லாமலும் ஓடும். மீட்டர் பெட்டியில் கரண்ட் எப்போது வரும் என்று காத்திருக்கும் ஊரில் இதுவும் ஒரு தகுதிதான். ஃபோனில் சார்ஜ் தீர்ந்தால் செருப்பு வாங்கிய பெட்டியை ஐந்தாகத் தடுத்துக்கொள்ளலாம், என் வீட்டில் இன்னும் இருக்கிறது.

அட்டை ஞாபகம் வைக்கும், ஆனால் எழுதியதைத்தான் வைக்கும். 'நொட்டோரியஸ் = பேர் பெற்ற' என்று எழுதினால் தப்பையே கல்வெட்டாக்கித் தரும். அதனால் என்னிடம் படிக்கிறவர்கள் முன்பக்கம் ஒரு முழு வாக்கியம் எழுத வேண்டும், பின்பக்கம் மெச்சலா திட்டா என்று குறிக்க வேண்டும், கூடவே ஒரு தமிழ்க் கொக்கி. ஒலி ஒத்த தாய்மொழிச் சொல்லில் மாட்டிவைக்கும் இந்த உத்தியை அட்கின்சனும் ராவும் 1975இல் ரஷ்யச் சொற்களை வைத்துச் சோதித்து, பலன் உண்டு என்று எழுதினார்கள். எங்கள் கொக்கிகள் கொஞ்சம் அசட்டுத்தனமானவை. 'மோரோஸ்': புளித்த மோர் குடித்த மூஞ்சி. 'கல்லிபிள்': கல்லைக் கொடுத்துக் கற்கண்டு என்றாலும் வாங்கிக்கொள்கிறவன். 'வெய்ன்': வீண் ஜம்பம். சிரித்த சொல் மறப்பதில்லை.

கடைசியில் வாசிப்பு. ரங்கூனின் பன்சோடான் தெரு நடைபாதையில் பழைய ஆங்கிலப் புத்தகம் வாங்கிப் படிப்பது. சொல்லின் ருசி முழுதாகத் தெரிவது இங்கேதான், ஆனால் ஆமை வேகம். உதவியில்லாமல் கதை புரிய நூற்றுக்கு 98 சொல் தெரிந்திருக்க வேண்டும் என்று ஹூவும் நேஷனும் 2000இல் கணக்குச் சொன்னார்கள். அதோடு கஞ்சத்தனத்தைச் சொல்லும் 'பார்சிமோனியஸ்' மாதிரிச் சொல் எந்தப் பக்கத்தில் வருமோ, கடவுளுக்கே வெளிச்சம். இரண்டு வருடம் கையில் இருக்கிறவருக்கு இதுவே ராஜபாட்டை. மூன்று மாதத்தில் சிங்கப்பூர் போக நிற்கும் பையனிடம் இதைச் சொன்னால் எழுந்து போய்விடுவான்.

எந்த வழிக்கும் பிடிபடாத குணங்களும் இருக்கின்றன. பர்மியத்தில் 'ஆனாடெ' என்கிறோமே, அடுத்தவருக்குச் சிரமம் கொடுக்க மனசு கூசுவது, 'கன்சிடரேட்' என்றால் பாதி, 'டிஃபிடென்ட்' என்றால் இன்னொரு பாதி. இரண்டு வாக்கியமாக விளக்கிச் சொல், தேர்வாளர் ரசிப்பார் என்பேன்.

இப்போது நான் போடும் கலவை இது: அதிர்ஷ்டச் சொற்களும் கிரகச் சொற்களும் வேர் வழியாக, மற்ற குணங்கள் அட்டை வழியாக. ஒரு நாளைக்கு ஐந்துக்கு மேல் கூடாது, அந்த ஐந்தில் இரண்டு ஒரே இனமாக இருக்கக்கூடாது. ஒவ்வொரு அட்டையிலும் தனக்குத் தெரிந்த ஓர் ஆள் இருக்க வேண்டும்.

தோசைக்காரர் மகள் 'ஃப்ரூகல்' அட்டையில் அப்பாவைப் போட்டாள். மாவுப் பாத்திரத்தை வழித்துக் கடைசியாக ஒரு சின்னத் தோசை ஊற்றுவாராம். நல்ல வாக்கியம் என்றேன். பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள்.

"அம்மாகிட்ட கேட்டா 'ஸ்டிஞ்சி'ன்னுதான் சொல்லும், சயாமா."

அதற்கு இன்னொரு அட்டை எடுத்துக்கொண்டாள், மூன்று நாள் கழித்துப் படிக்க.