சிஏ, சிஎம்ஏ, ஏசிசிஏ: கோட்டை விட்டால் எவ்வளவு போகும்?

பி.காம் முடித்துவிட்டு ஒரு ஷேர்டு சர்வீஸ் மையத்தில் (கம்பெனிகளின் கணக்கு வேலையை ஒரே இடத்தில் பார்க்கும் ஆபீஸ்) நான்கைந்து வருடம் ஜர்னல் என்ட்ரியும் ரெக்கன்சிலியேஷனும் பார்த்தவர்களுக்கு, மேலே போகும் வழி அடைபட்டிருப்பது ஒரு கட்டத்தில் தெரியவரும். டீம் லீட் வரை அனுபவத்திலேயே வந்துவிடலாம். அசிஸ்டென்ட் மேனேஜர் வேலைக்கு உள்ளேயே ஆள் கேட்டு மெயில் வரும்போதுதான் "சிஏ, சிஎம்ஏ, ஏசிசிஏ முடித்தவர்" என்ற வரி கண்ணை உறுத்தும். சிஏ என்பது சார்ட்டர்டு அக்கவுண்டன்ட், சிஎம்ஏ என்பது காஸ்ட் அக்கவுண்டன்ட், ஏசிசிஏ என்பது இங்கிலாந்து அமைப்பு ஒன்று தரும் அக்கவுண்டன்ட் தகுதி. நான் ஏசிசிஏ எடுத்தேன். டீமுக்குப் புதிதாக வருகிறவர்கள் எதைப் படிக்கலாம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நடுநிலை வேஷம் எதுவும் இல்லை. சம்பளத்தை நம்பி வீடு ஓடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு ஏசிசிஏ பொருந்துகிற அளவுக்கு மற்ற இரண்டும் பொருந்தவில்லை என்பது என் கட்சி.

விவாதமே தேவைப்படாத விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். இந்தியாவில் கம்பெனி ஆடிட் அறிக்கையில் கையெழுத்துப் போட சிஏவால்தான் முடியும்; 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் அப்படித்தான் வைத்திருக்கிறது. அதே சட்டத்தின் 148ஆவது பிரிவு காஸ்ட் ஆடிட்டை, அதாவது செலவுக் கணக்கின் தணிக்கையை, சிஎம்ஏக்களிடம் கொடுக்கிறது. ஏசிசிஏவுக்கு இங்கே அப்படி எந்தக் கையெழுத்து உரிமையும் கிடையாது. மதுரையிலோ ஈரோட்டிலோ சொந்த ஆபீஸ் போட்டு வாசலில் போர்டு மாட்ட ஆசைப்படுகிறவர் மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம், சிஏதான். ஊர் மரியாதையும் அதற்குத்தான். மாப்பிள்ளை ஆடிட்டர் என்றால் அடுத்த கேள்வி வராது. ஏசிசிஏ என்றால் பெண்வீட்டாருக்கு ஒரு வகுப்பே எடுக்க வேண்டும். எம்.காம், கல்லூரியில் பாடம் நடத்த நினைப்பவருக்கு நெட், செட் தேர்வுக்கான வழி; ஆபீஸில் பதவி உயர அது பெரிதாக உதவி நான் பார்த்ததில்லை. எம்பிஏவில் எந்தக் கல்லூரி என்பதுதான் எல்லாமே.

சரி, மூன்றில் எது? இந்தக் கேள்வி வந்தாலே பாடத்திட்டத்தை ஒப்பிடுவார்கள், சம்பளப் பட்டியலைக் காட்டுவார்கள். கோச்சிங் சென்டர் விளம்பரத்தில் வருகிற சம்பளம், எல்லாத் தாளையும் மளமளவென்று முடித்தவரின் சம்பளம். வேலையில் இருந்துகொண்டு படிப்பவர் முதலில் கேட்க வேண்டியது வேறு. ஒரு தேர்வைக் கோட்டை விட்டால் எவ்வளவு போகும்? எத்தனை தாள், எத்தனை மாதம்? ஏனென்றால் ஏதாவது ஒன்று போகத்தான் செய்யும். படித்து முடிக்க வேண்டிய வாரத்தில்தான் ஆபீஸில் ஆடிட் வரும், அல்லது வீட்டில் யாருக்காவது டெங்கு வரும்.

சிஏவில் 2023இல் வந்த புதிய முறைப்படி இன்டருக்கு ஆறு தாள், ஃபைனலுக்கு ஆறு தாள். ஒவ்வொரு நிலையிலும் இரண்டு குரூப், குரூப்புக்கு மூன்று தாள். ஒவ்வொரு தாளிலும் 40 வாங்க வேண்டும், மூன்றையும் கூட்டினால் 150 வர வேண்டும். அந்தக் கூட்டல்தான் ஆளைக் கவிழ்க்கும். 48, 52, 47 வாங்கியவர் எந்தத் தாளிலும் 40க்குக் கீழே போகவில்லை. ஆனால் கூட்டினால் 147. மூன்று மார்க்கில் குரூப்பே போய்விட்டது, அடுத்த அட்டெம்ப்டில் மூன்று தாளையும் திரும்ப எழுத வேண்டும். ஏதாவது ஒரு தாளில் 60ஐத் தொட்டிருந்தால் அதற்கு மட்டும் விலக்கு கிடைத்திருக்கும். 2023 நவம்பரில் ஃபைனலின் இரண்டு குரூப்பையும் சேர்த்து எழுதியவர்களில் தேறியவர்கள் 9.42 சதவீதம். 2024 மே மாதத்தில் அது 20 சதவீதத்தை ஒட்டி வந்தது. இதில் படிப்பதற்கென்றே மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்தவர்கள் நிறையப் பேர் என்பதையும் மறந்துவிடக் கூடாது. இன்டர் 2024 முதலும் ஃபைனல் 2025 முதலும் ஆண்டுக்கு மூன்று முறை நடப்பது பெரிய ஆறுதல்தான். ஆனால் இழப்பின் அளவு அப்படியேதான் இருக்கிறது: போனால் குரூப்போடு போகும்.

சிஎம்ஏவிலும் இதே கணக்கு, இன்னும் கொஞ்சம் பெரிதாக. டிகிரி இருந்தால் நேரே இன்டரில் சேரலாம். இன்டரில் எட்டு, ஃபைனலில் எட்டு, குரூப்புக்கு நான்கு தாள். அதே 40, அதே 50 சதவீதக் கூட்டு. தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும் மட்டும். ஒரு குரூப் போனால் நான்கு தாளும் ஆறு மாதமும் சேர்ந்து போகும். தாள்கள் சிஏவைவிட லேசு என்று சொல்கிறவர்கள் உண்டு. எழுதிப் பார்க்காமல் நான் அதைச் சொல்ல மாட்டேன்.

ஏசிசிஏவில் மொத்தம் 13 தாள். பி.காம் படித்தவருக்கு ஆரம்பத் தாள்களில் சில கழிந்துவிடும். மிச்சமுள்ள ஒவ்வொன்றும் தனித்தனி. 50 வாங்கினால் அந்தத் தாள் முடிந்தது. கூட்டுத்தொகை என்ற பேச்சே இல்லை. மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என வருடத்துக்கு நான்கு முறை தேர்வு. ஒரு தாள் போனால் அந்த ஒரு தாளும் மூன்று மாதமும்தான் போகும். எனக்கு பெர்ஃபார்மன்ஸ் மேனேஜ்மென்ட் போயிருக்கிறது. உலக அளவிலேயே பாதிப்பேர்கூடத் தேறாத தாள் அது. ரிசல்ட் வந்த வாரம் மனசு சரியில்லை. அப்புறம் அதே புத்தகத்தை எடுத்துவைத்து அடுத்த சிட்டிங்குக்குப் பதிவு செய்தேன். அதற்கு முன்னால் தேறியிருந்த ஃபைனான்ஷியல் ரிப்போர்ட்டிங்கை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

முழுநேரம் படிக்கிறவருக்கு இது சின்ன வித்தியாசமாகத் தெரியலாம். யுகே ஷிஃப்டில் மதியம் கிளம்பி, இரவு பதினொன்றுக்கு மேல் கேப்பில் வீடு திரும்புகிறவருக்குக் காலையில் இரண்டு மணி நேரம் கிடைத்தால் அதிகம். அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு தாளைப் பிடிக்கலாம். நான்கு தாளை ஒரே சமயத்தில் தலையில் வைத்திருக்க முடியாது. நான்காவதை முடிக்கும்போது முதல் தாள் ஆவியாகியிருக்கும். ஒரு எச்சரிக்கை: கடைசிக் கட்டமான ஸ்ட்ராட்டஜிக் புரொஃபஷனலில் முதல் தாள் தேறியதிலிருந்து ஏழு ஆண்டுக்குள் அந்தக் கட்டத்தை முடித்தாக வேண்டும். நிதானமாகப் படிக்கலாம் என்றால் காலவரையே இல்லை என்று அர்த்தமில்லை.

போவதில் சம்பளத்தையும் சேர்க்க வேண்டும். சிஏவில் இன்டர் முடித்ததும் ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது ஒரு சிஏவிடம் கட்டாயப் பயிற்சி. முன்பு மூன்று ஆண்டாக இருந்தது, இப்போது இரண்டு. அந்த இரண்டு ஆண்டும் வேறு வேலை பார்க்க முடியாது, கிடைப்பது ஸ்டைபண்ட். சில ஆயிரங்களில் ஆரம்பிக்கும். பெரிய ஃபர்ம்களில் கொஞ்சம் நல்லபடியாகத் தருவார்கள். 21 வயதில் இது ஒரு பொருட்டே இல்லை. 29 வயதில், வாடகையும் ஈஎம்ஐயும் இருக்கும்போது, ஓடிக்கொண்டிருக்கும் வேலையை விட்டுவிட்டு ஆர்ட்டிகிளாகப் போய் நிற்க எத்தனை பேரால் முடியும்? சிஎம்ஏ இந்த விஷயத்தில் இளகிய மனம் கொண்டது. 15 மாதப் பயிற்சி உண்டு, ஆனால் ஏற்கெனவே கணக்கு, நிதிப் பிரிவில் வேலை பார்ப்பவர்கள் அந்த அனுபவத்தைக் காட்டி விலக்குக் கேட்கலாம். ஏசிசிஏ 36 மாத அனுபவம் கேட்கிறது. அதைப் பார்க்கிற வேலையிலேயே சேர்த்துக்கொள்ளலாம், தேர்வுக்கு முன்பு பார்த்த வேலையும் கணக்கில் வரும். தகுதி பெற்ற ஒரு அக்கவுண்டன்ட் மேற்பார்வையாளராக இருந்து ஒப்புதல் தர வேண்டும். என் மேனேஜர் சிஏ. என் ஏசிசிஏ அனுபவத்துக்கு ஒப்புதல் கொடுத்தது அவர்தான்.

மந்த் எண்ட் க்ளோசிங்கில் (முடிந்த மாதத்தின் கணக்கை மூடும் வேலையில்) இருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. ஏசிசிஏ தேர்வு பெரும்பாலும் தேர்வு மாதத்தின் முதல் வாரத்தில் வரும். நமக்கு உயிர் போகும் வாரமும் அதுதான். நல்லவேளையாக மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் முதல் வாரங்களில் மூடுவது முந்தைய பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் கணக்குகளை. காலாண்டு முடிவு இவற்றில் இல்லை. ஜனவரி, ஏப்ரலில் லீவு கேட்டால் முறைக்கிற மேனேஜர்கூட ஜூனில் கொஞ்சம் இளகுவார். ஆனால் மூன்று மாதம் முன்பே சொல்லி, நம் அக்கவுண்டுகளைப் பார்த்துக்கொள்ள ஒருவரைப் பழக்கி வைக்க வேண்டும். ஒரே டீமில் மூன்று பேர் ஏசிசிஏ எழுதினால் அந்த வாரம் சண்டை நிச்சயம்.

பணத்தில் ஏசிசிஏ தோற்கிறது, அதை மறைத்துப் பயனில்லை. சிஏ, சிஎம்ஏ கட்டணம் எல்லாம் ரூபாயில். ஏசிசிஏவில் ஆண்டுச் சந்தா 100 பவுண்டுக்கு மேல், ஒவ்வொரு தாளுக்கும் தனியாகப் பவுண்டில் கட்டணம், கடைசிக் கட்டத் தாள்களுக்கு இன்னும் அதிகம். விலக்குக் கிடைத்த தாளுக்கும் பணம் கேட்பார்கள் என்பது பலருக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிகிறது. படித்து முடித்தாலும் சந்தா நிற்காது, உறுப்பினராக இருக்கும்வரை வருடா வருடம் கட்ட வேண்டும். ஒரு தாள்தான் போகிறது என்று நான் மேலே சொன்னதில் இந்தச் செலவைச் சேர்த்துப் பாருங்கள். சும்மா எழுதிப் பார்க்கலாம் என்று பதிவு செய்கிற தேர்வு அல்ல இது.

இன்னொரு குறை, இந்திய வரி. ஏசிசிஏவில் ஜிஎஸ்டி, டிடிஎஸ் எதுவும் கிடையாது. டாக்ஸேஷன் தாளை இங்கிருந்து எழுதுகிறவர்கள் பொதுவாக இங்கிலாந்து வரியைத்தான் படிக்கிறார்கள். யுகே, ஐரோப்பிய கிளையண்டின் புத்தகத்தைப் பார்க்கிற மையத்தில் இது குறையாகவே தெரியாது. ஐஎஃப்ஆர்எஸ் என்கிற சர்வதேசக் கணக்கு விதிகள் தெரிந்திருப்பதுதான் அங்கே பேச்சு. ஆனால் அம்பத்தூரில் ஒரு ஆட்டோ பாகங்கள் கம்பெனிக்கு நேர்காணலுக்குப் போனால், ரிட்டர்ன் ஃபைல் பண்ணத் தெரியுமா என்றுதான் முதலில் கேட்பார்கள். அங்கே சிஎம்ஏ இன்டர் முடித்தவர் நம்மைத் தாண்டிப் போய்விடுவார்.

அதனால் ஓசூர், ஒரகடம், கோயம்புத்தூர் பக்கம் தொழிற்சாலையில் காஸ்டிங், இன்வென்ட்ரி பார்ப்பவர் என் பேச்சைக் கேட்டு ஏசிசிஏவில் சேர வேண்டாம். நான் ஃபேக்டரி பக்கம் வேலை பார்த்தவன் இல்லை. ஆனால் அங்கே இருக்கிற நண்பர்கள் எல்லோரும் சிஎம்ஏவைத்தான் சொல்கிறார்கள். மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களின் விளம்பரங்களிலும் பெரும்பாலும் 'சிஏ அல்லது சிஎம்ஏ' என்றுதான் இருக்கும். நெய்வேலியோ திருச்சி பெல்லோ கனவாக இருந்தால் இந்த அலசலில் நான் எழுதியதைத் தலைகீழாக வைத்துப் படியுங்கள்.

அமெரிக்க சிஎம்ஏ பற்றியும் கேட்கிறார்கள். இரண்டே பகுதி, ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம், 500க்கு 360 எடுக்க வேண்டும். இரண்டு மாதத் தேர்வுக் காலத்துக்குள் நமக்குத் தோதான நாளை நாமே எடுத்துக்கொள்ளலாம் என்பதால் க்ளோசிங்கோடு மோதாது. இந்த ஒரு விஷயத்தில் அது ஏசிசிஏவையே தோற்கடிக்கிறது. எஃப்பி அண்ட் ஏ (நிதித் திட்டமிடலும் அலசலும்) பக்கம் போகிறவர்கள் எடுக்கிறார்கள். எங்கள் ஆபீஸில் முடித்தவர்கள் சிலரே, அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. இந்திய சிஎம்ஏவும் இதுவும் ஒன்று என்று நினைத்துப் பணம் கட்டிவிடாதீர்கள், இரண்டும் வேறு வேறு நிறுவனங்கள்.

கோச்சிங்கில் சேரும் முன் ஏசிசிஏ இணையதளத்திலேயே உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட்டு எந்தெந்தத் தாளுக்கு விலக்கு என்று பாருங்கள். சென்டரில் சொல்கிற எண்ணிக்கையை நம்பாதீர்கள். விலக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதாகச் சொன்னால் எழுத்தில் வாங்குங்கள். கம்பெனியில் தேர்வுச் செலவைத் திருப்பித் தரும் திட்டம் இருக்கிறதா என்று எச்ஆரிடம் கேளுங்கள். பல மையங்களில் உண்டு, யாரும் தானாக வந்து சொல்வதில்லை. தேறினால் மட்டும்தான் தருவார்களா, வாங்கிய பிறகு எத்தனை வருடம் அங்கேயே இருக்க வேண்டும் என்கிற இரண்டையும் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.