யோசெமிட்டியா, சீடர் குரோவா: டென்ட் எங்கே போடலாம்?

கலிபோர்னியாவில் கேம்பிங் போகிறோம் என்று யார் ஆரம்பித்தாலும் அடுத்த வார்த்தை யோசெமிட்டிதான். தப்பில்லை, ஆனால் யோசெமிட்டியில் எங்கே? கீழே பள்ளத்தாக்கில் அப்பர் பைன்ஸ் கேம்ப்கிரவுண்ட், சுமார் 4,000 அடி. மேலே துவாலமி மெடோஸ், 8,600 அடி. பூங்கா ஒன்றாக இருந்தாலும் இரண்டும் இரண்டு ஊர். இவற்றோடு நான் எப்போதும் தெற்கே கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்காவில் இருக்கும் சீடர் குரோவையும் சேர்த்துத்தான் யோசிப்பேன்.

அப்பர் பைன்ஸில் இடம் பிடிப்பதே ஒரு தட்கல் டிக்கெட் கதை. ஐந்து மாதம் முன்னால், 15ஆம் தேதி காலை 7 மணிக்கு ரிக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் திறப்பார்கள், அதாவது ஜூலை கடைசியில் போக வேண்டுமென்றால் பிப்ரவரி 15 அன்று விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், சில நிமிடங்களில் எல்லாம் காலி. அப்படிப் பிடித்த இடத்தில் பக்கத்து டென்ட்காரர் விடும் குறட்டையும் சேர்ந்தே கிடைக்கும். ஆனால் காரை ஒரு தடவை நிறுத்திவிட்டால் போதும், பள்ளத்தாக்கு முழுக்க இலவச ஷட்டில் பஸ் ஓடுகிறது. அருவிக்காகப் போகிறவர்கள் மே, ஜூனில் போங்கள். 2,425 அடி யோசெமிட்டி அருவி பனி உருகும் தண்ணீரை நம்பி இருப்பது, ஆகஸ்டில் பெரும்பாலும் வெறும் பாறைதான்.

துவாலமி அழகு, சந்தேகமே இல்லை. அங்கே போகும் டியோகா ரோடு மற்ற மாதங்களில் பனியில் மூடிக் கிடப்பதால் கோடையில் மட்டும்தான் போக முடியும், அப்போதும் ராத்திரி கம்பளித் தொப்பி வேண்டும். எங்களை அங்கே கவிழ்த்தது குளிர் இல்லை, துவரம்பருப்பு. அந்த உயரத்தில் தண்ணீர் 91 டிகிரியிலேயே கொதித்துவிடும். நான் குக்கரை எடுத்துவந்து காஸ்கெட்டை வீட்டில் விட்டுவிட்டேன். ஒன்றரை மணி நேரம் அடுப்பில் தளதளவென்று கொதித்தும் பருப்பு சரளைக் கல் மாதிரியே கிடந்தது, கடைசியில் பிரட்டும் ஊறுகாயும்.

சீடர் குரோவ் 4,600 அடிதான், அங்கே பருப்பு ஒரு வழியாக வெந்துவிடும். அதே பூங்காவின் கிரான்ட் குரோவ் பகுதியிலிருந்து 180ஆம் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் வளைந்து வளைந்து கீழே இறங்க வேண்டும், பூங்காவுக்குள் பெட்ரோல் பங்க்கே கிடையாது, அதனால் டேங்கை நிரப்பிக்கொண்டு போங்கள். ஆனால் அந்த ரோடு ரோட்ஸ் எண்ட் என்ற இடத்தோடு முடிந்துபோகிறது, வேறு எங்கும் போகாது, அதனால் வழியில் எட்டிப் பார்க்கிற கூட்டமும் இல்லை. சும்வால்ட் மெடோவில் சாயங்காலம் சுற்றிலும் நிமிர்ந்து பார்த்தால் யோசெமிட்டியின் தம்பி மாதிரியே கிரானைட் சுவர்கள். குறை என்றால் மதிய வெயில், அப்புறம் ஜூனில் பக்கத்தில் ஓடும் ஆற்றின் வேகம். பிள்ளைகளைக் காலை நனைக்கக்கூட விட மாட்டேன்.

எங்கே போனாலும் கரடி உண்டு. சாப்பாட்டுச் சாமான் மட்டுமில்லை, பற்பசை, சன்ஸ்கிரீன் எல்லாமே டென்ட் போடும் இடத்தில் இதற்கென்றே வைத்திருக்கும் இரும்புப் பெட்டிக்குள் போக வேண்டும், யோசெமிட்டியில் ராத்திரி காரில் ஒரு முறுக்குப் பாக்கெட்கூட இருக்கக் கூடாது. அங்கே பெட்டியின் உயரம் 18 அங்குலம்தான், ஐஸ் பாக்ஸை வீட்டிலேயே அளந்துவிடுங்கள். இன்னொன்று, யோசெமிட்டியில் ஓர் இடத்தில் ஆறு பேர்தான், குழந்தைகளும் அந்தக் கணக்கில் சேர்த்தி. இரண்டு குடும்பம் என்றால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இடம் கிடைக்குமா என்று முதலில் பாருங்கள்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் ஷட்டிலுக்காக அப்பர் பைன்ஸ். நடக்கவும் குளிரவும் தயார் என்றால் துவாலமி. சின்னப் பிள்ளைகளோடு இரண்டு ராத்திரி நிம்மதியாகத் தூங்க வேண்டுமென்றால் நான் சீடர் குரோவுக்குத்தான் போவேன், வேனிலில் அந்த 180 ரோடு திறந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு.