நனைந்த பிறகும் முக்காடு போடலாம்: சிகரெட்டை மறுபடி விட எந்த வழி?

41 நாள் விட்டிருந்தேன். 42ஆவது நாள் நண்பரின் பாக்கெட்டிலிருந்து ஒன்று. மறுநாள் காலை என் சொந்தப் பாக்கெட்டிலிருந்து மூன்று. அந்த ஒன்றை நிகோட்டின் கணக்கில் எழுதலாம். மூன்றை எழுத முடியாது. 'அதான் போயிடுச்சே, இனி என்ன' என்ற நினைப்புதான் அவற்றைப் பற்றவைத்தது. நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்போமே, அதே கதை. ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களிலேயே இதற்குத் தனிப் பெயர் வைத்து விளக்கினார். சறுக்கியதை 'நான் இவ்வளவுதான்' என்று எடுத்துக்கொள்பவர் பழைய பழக்கத்துக்கே போய்ச் சேர்கிறார்; 'அந்த இடம் வழுக்கல்' என்று எடுத்துக்கொள்பவர் எழுந்து நிற்கிறார் என்பது அவர் சொன்னதன் சாரம்.

சரி, எழுந்து நிற்பது எப்படி? இங்கேதான் ஆளுக்கொரு வழி சொல்வார்கள்.

முதல் சண்டை, ஒரேயடியாக நிறுத்துவதா, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதா என்பது. 2016இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் 697 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரேயடியாக நிறுத்தியவர்களில் 4 வாரம் கழித்தும் விட்டபடியே இருந்தவர்கள் 49 சதவீதம். குறைத்துக்கொண்டே வந்தவர்களில் 39 சதவீதம். ஆறு மாதத்தில் அது 22க்கு 15.5. பலர் இந்த எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு 'இப்பவே நசுக்கிப் போடு' என்கிறார்கள். ஆனால் அங்கே ஒரேயடியாக நிறுத்தியவர்களுக்கும் இரண்டு வாரம் முன்பே நாள் குறித்து, அதுவரை நிகோட்டின் பேட்ச் (தோல் வழியாக நிகோட்டினை மெதுவாக ஏற்றும் ஒட்டுப் பட்டை) ஒட்டித் தயார்ப்படுத்தினார்கள். கோபத்தில் லைட்டரைத் தூக்கி எறிவதும் அதுவும் ஒன்றல்ல. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த பிற்கால மதிப்பாய்வில் இரண்டு வழிக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

என் தீர்ப்பு, எவ்வளவு தூரம் சறுக்கினோம் என்பதைப் பொறுத்தது. ஒன்றிரண்டு நாள், நாலைந்து சிகரெட் என்றால் குறைப்பதற்கே எதுவும் இல்லை. இன்றைக்கே நிறுத்துவதுதான். நாள் குறித்தால், குறித்த நாள்வரை குடிக்க நமக்கு நாமே லைசென்ஸ் கொடுத்த மாதிரி ஆகிவிடும். வாரக்கணக்கில் பழைய அளவுக்கே போயிருந்தால் நிலைமை வேறு. அப்போது இரண்டு வாரத்துக்குள் ஒரு தேதி, அதற்குள் மருந்து ஏற்பாடு என்று இறங்குவது நல்லது. குறைக்கும் வழியில் எனக்குப் பெரிய பயம், ஒரு நாளைக்கு நாலு என்ற இடத்தில் வந்து குடியேறிவிடுவது. எண்ணிக்கை குறைந்ததும் ஒவ்வொன்றையும் ஆழமாக இழுக்கத் தொடங்குவோம். போதாததற்கு, நாளைக்கு ஒன்றே ஒன்று பிடிப்பவருக்குக்கூட 20 பிடிப்பவரின் கூடுதல் இதயநோய் ஆபத்தில் ஏறக்குறைய பாதி இருக்கிறது என்று 2018இல் வந்த ஆய்வுத் தொகுப்பு காட்டியது. இருபதில் ஒரு பங்குதானே இருக்கும் என்று மனக்கணக்குப் போட்டவன் நான்.

அடுத்தது நாள் கணக்கு. பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுவதா, பழைய நாட்களையும் சேர்ப்பதா? மொபைல் ஆப்கள் இரக்கமே இல்லாமல் பூஜ்ஜியமாக்கிவிடும். அந்தக் கண்டிப்பு சிலருக்கு வேலை செய்கிறது. 'எண்ணிக்கை கெட்டுவிடுமே' என்ற பயத்திலேயே ஒரு மாலையைக் கடந்துவிடுவார்கள். ஆனால் கெட்ட பிறகு அதே பூஜ்ஜியம்தான் மார்லட் சொன்ன பள்ளத்தில் தள்ளுகிறது. ஆய்வாளர்களே இவ்வளவு கறார் இல்லை. ரஸ்ஸல் தரநிலை என்று 2005இல் முன்வைக்கப்பட்ட அளவுகோலில், விட்ட காலம் முழுவதும் சேர்த்து ஐந்து சிகரெட்வரை பிடித்தவரையும் விட்டவராகவே கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். நான் இப்போது இரண்டு எண் வைத்திருக்கிறேன்: தொடர்ந்து எத்தனை நாள், மொத்தம் எத்தனை நாள். முதலாவது உடைந்தாலும் இரண்டாவது உடையாது. ஐந்து வரை சலுகை உண்டு என்று மட்டும் படித்துவிடாதீர்கள், அது ஆய்வாளர்களுக்கான விதி.

மூன்றாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: போன முறை எடுத்த மருந்தையே எடுப்பதா, மாற்றுவதா? 'அது எனக்குக் கேக்கல' என்று ஒதுக்குவதற்கு முன்னால் அதை எப்படிப் பயன்படுத்தினோம் என்று பார்க்க வேண்டும். நிகோட்டின் சூயிங்கமை நான் சாதாரண பபிள்கம் போல மென்று, எச்சிலோடு விழுங்கி, விக்கல் வந்து விட்டுவிட்டேன். நாலைந்து தடவை மென்று, காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டுமாம். நிகோட்டின் வாயின் உட்தோல் வழியாகத்தான் ஏறும். காபியோ ஜூஸோ குடித்த கையோடு போட்டால் அதுவும் சரியாக ஏறாது. பேட்ச் ஒட்டியவர்கள் செய்யும் தவறு வேறு: ஒரு சிகரெட் பிடித்ததும் பயந்து பேட்சைக் கிழித்துவிடுவது. சறுக்கியவருக்கு அந்த நேரத்தில்தான் அது தேவை.

இரண்டையும் எதிரெதிரே வைப்பதும் தேவையில்லை. பேட்ச் நாள் முழுக்க மெதுவாகக் கொடுக்கும். கம் திடீரென்று எழும் ஆசைக்கு. ஏதாவது ஒன்றை மட்டும் பயன்படுத்துபவர்களைவிட, பேட்சோடு இப்படி ஒன்றைச் சேர்ப்பவர்களில் விடுபவர்கள் சுமார் 25 சதவீதம் கூடுதல்.

மாத்திரை என்றால் வரெனிக்ளின். 8,144 பேர் பங்கேற்று 2016இல் முடிவு வந்த பெரிய சோதனையில் அது பேட்ச், சிகரெட்டை விடக் கொடுக்கப்படும் இன்னொரு மாத்திரையான பியூப்ரோபியான் இரண்டையும் முந்தியது. வழக்கமாக, விடும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டும். குமட்டலும் விசித்திரக் கனவுகளும் வரலாம். ஏற்கெனவே அதை எடுத்துப் பார்த்தவர்களுக்கே மறுபடி கொடுத்த 2014ஆம் ஆண்டுச் சோதனையில், சிகிச்சையின் கடைசி நான்கு வாரம் முழுக்க விட்டிருந்தவர்கள் 45 சதவீதம். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 12. 'ஒரு தடவை தோற்ற மருந்து' என்று தள்ளிவிடுவது எவ்வளவு அவசரம் என்று அங்கேதான் புரிந்தது. பியூப்ரோபியான் வலிப்பு வந்தவர்களுக்கு ஆகாது. எதுவானாலும் மருத்துவரிடம் முந்தைய முயற்சியைப் பற்றி முழுசாகச் சொல்லுங்கள். எந்த நாளில், யாரோடு, எந்த வேளையில் சறுக்கியது என்பது உட்பட.

மருந்தே வேண்டாம், மன உறுதி போதும் என்பவர்களும் உண்டு. அப்படி விட்டவர்கள் ஏராளம். நான் இரண்டு தடவை அதை நம்பினேன், அவ்வளவுதான் சொல்வேன்.

அப்புறம், எல்லோருக்கும் வரும் ஒரு சின்னச் சண்டை: பாக்கெட்டில் மிச்சமிருப்பதை முடித்துவிட்டு நிறுத்துவதா, இப்போதே வீசுவதா? வீசுவதுதான். நான் இந்த முறை குழாயடியில் முழுக்க நனைத்துவிட்டுத்தான் போட்டேன். உலர்ந்த பாக்கெட்டைக் குப்பைத் தொட்டியிலிருந்து ஒரு தடவை மீட்டெடுத்த அனுபவம் எனக்கு இருக்கிறது.