வேக சார்ஜா, நிதான சார்ஜா: எந்த அடாப்டரை வாங்குவது?

போன் பெட்டியில் சார்ஜரைக் கொடுக்காமல் விடும் பழக்கத்தை 2020 அக்டோபரில் ஐபோன் 12 மூலம் ஆப்பிள் ஆரம்பித்து வைத்தது, 2021 ஜனவரியில் கேலக்ஸி எஸ்21 வந்தபோது சாம்சங்கும் சேர்ந்துகொண்டது. சில கம்பெனிகள் பல மாடல்களுக்கு இன்னும் பெட்டியிலேயே போட்டுக் கொடுக்கின்றன என்றாலும், புது போன் வாங்கினால் கூடவே ஒரு அடாப்டரும் வாங்க வேண்டும் என்பது இப்போது பாதிப் பேருக்கு வழக்கமாகிவிட்டது. கடையில் 10 வாட், 20, 25, 45, 65, 120 என்று வரிசையாகத் தொங்கும். அங்கே நிற்பவர்களுக்கு வரும் சந்தேகம் இரண்டுதான்: பெரிய வாட் வாங்கினால் பேட்டரி போய்விடுமா, சின்னது வாங்கினால் விடியவிடியச் சார்ஜ் ஏறுமா?

என்னைக் கேட்டால் இரண்டுமே தேவையில்லாத கவலை. பெட்டியின் முன்பக்கம் கொட்டை எழுத்தில் இருக்கும் வாட்டை விட, அடாப்டரின் அடியில் கண்ணுக்கே தெரியாத சைஸில் அச்சடித்திருக்கிறார்களே, அந்த அவுட்புட் வரிகள்தான் உங்கள் போன் வேகமாக ஏறுமா ஏறாதா என்பதைத் தீர்மானிக்கின்றன. அதற்கு வருகிறேன், முதலில் கணக்கு.

இன்றைய சாதாரண ஆண்ட்ராய்டு போனில் 5000 மில்லி ஆம்பியர்-மணி (பேச்சில் வெறும் மில்லி ஆம்பியர்) பேட்டரி இருக்கும். அதன் சராசரி வோல்டேஜ் 3.85 வோல்ட் அளவு. பெருக்கினால் சுமார் 19 வாட்-மணி. பழைய 10 வாட் சார்ஜர் (5 வோல்ட், 2 ஆம்பியர்) காகிதத்தில் இரண்டு மணி நேரத்தில் முடிக்க வேண்டும். வழியில் சூடாக வீணாவதையும் சேர்த்தால் இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும். அப்படியானால் 120 வாட் போட்டால் பத்தே நிமிடமா என்றால், இல்லை. லித்தியம் பேட்டரியில் ஆரம்பத்தில் முழு வேகத்தில் கரண்ட்டை விடலாம், செல்லின் வோல்டேஜ் அதன் உச்ச வரம்பை (மாடலைப் பொறுத்து 4.2 முதல் 4.45 வோல்ட் வரை) தொட்டவுடன் வோல்டேஜை அங்கேயே நிறுத்திக் கரண்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாக வேண்டும். லாரித் தண்ணீரைக் குடத்தில் பிடிக்கிறவர்கள் கழுத்து வரை வந்ததும் குழாயை மடக்கிப் பிடிப்பார்களே, அது மாதிரிதான். அதனால் பெட்டியில் போட்டிருக்கும் வாட் என்பது முதல் சில நிமிடங்களின் உச்ச வேகம் மட்டும். கடைசி 20 சதவீதம் எந்த சார்ஜரிலும் இழுத்துக்கொண்டுதான் போகும்.

இதை வைத்துப் பார்த்தால் 10 வாட்டிலிருந்து 25 வாட்டுக்குப் போவதுதான் பெரிய தாவல். மூன்று மணி நேரம் ஒன்றேகால் மணி நேரம் போல் ஆகிவிடும், முதல் அரை மணியிலேயே பாதி பேட்டரி ஏறிவிடும். ஐபோனில் 8 முதல் வந்த பெரும்பாலான மாடல்களுக்கு 20 வாட் போட்டால் அரை மணி நேரத்தில் 50 சதவீதம் வரை என்று ஆப்பிளே சொல்கிறது. ஆனால் 25-லிருந்து 45-க்குப் போனால் அதே அளவு லாபம் கிடைக்குமா? சாம்சங் அல்ட்ரா போன்களில் முதல் அரை மணியில் வித்தியாசம் தெரியும், 100 ஆகும்போது பார்த்தால் சில நிமிடங்கள்தான் மிச்சம். காலையில் குளித்துச் சாப்பிட்டுக் கிளம்புவதற்குள் எவ்வளவு ஏறும் என்று கணக்குப் பார்க்கிறவர்களுக்கு 45 உதவும், மற்றவர்களுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை.

120 வாட் கதை தனி. ஷாவ்மி 11டி ப்ரோ என்ற போன் 5000 மில்லி ஆம்பியர் பேட்டரியை 17 நிமிடத்தில் நிரப்பும் என்று சொல்லித்தான் விற்றார்கள். இது எப்படி முடிகிறது என்றால், உள்ளே இருப்பது ஒரே பேட்டரி மாதிரி தெரிந்தாலும் இரண்டு செல்கள். வரும் சக்தி இரண்டுக்கும் பிரிந்து போவதால் ஒவ்வொன்றும் தாங்க வேண்டிய சுமை பாதியாகிவிடுகிறது. ஆக 120 வாட் என்பது அடாப்டரின் சாமர்த்தியம் மட்டும் இல்லை, அதற்கென்றே வடிவமைத்த பேட்டரியும் போனும் சேர்ந்தால்தான். அதே அடாப்டரை 18 வாட் மட்டும் வாங்கத் தெரிந்த போனில் செருகினால் போன் 18-க்கு மேல் எடுக்காது. அடாப்டர் கரண்ட்டைத் திணிப்பதில்லை, போன் கேட்பதைத்தான் கொடுக்கிறது. "பெரிய சார்ஜர் போட்டால் போன் வெடிச்சிடும்" என்று வாட்ஸப்பில் வருவதை இந்த ஒரு விஷயம் தெரிந்தாலே ஒதுக்கிவிடலாம், நல்ல அடாப்டராக இருக்கும் பட்சத்தில்.

சரி, அந்தப் பொடி எழுத்துக்கு வருவோம். சாம்சங்கின் 25 வாட் அடாப்டரைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தால் இரண்டு பகுதியாக எழுதியிருக்கும். முதலில் பிடிஓ என்று போட்டு 9 வோல்ட் 2.77 ஆம்பியர், 5 வோல்ட் 3 ஆம்பியர். அடுத்து பிபிஎஸ் என்று போட்டு 3.3 முதல் 5.9 வோல்ட் வரை 3 ஆம்பியர், 3.3 முதல் 11 வோல்ட் வரை 2.25 ஆம்பியர். முதல் பகுதி யூஎஸ்பி பவர் டெலிவரி எனும் பொதுத் தரம், சுருக்கமாகப் பிடி. அதில் 5, 9, 15, 20 என்று வோல்டேஜ் படிப்படியாகத்தான் இருக்கும். இரண்டாவது பகுதியில் போன் கேட்கிற மாதிரி வோல்டேஜை 20 மில்லி வோல்ட் அளவில்கூட ஏற்றி இறக்கலாம். ஐபோனுக்கு முதல் பகுதியே போதும், சாம்சங்கின் அதிவேகத்துக்கு இந்த இரண்டாவது பகுதி கட்டாயம். பெட்டியில் 30 வாட் என்று இருக்கும், பிபிஎஸ் இருக்காது, சாம்சங்கில் போட்டால் 15 வாட்டில் நின்றுவிடும், வாங்கினவர் போனைத் திட்டுவார்.

இப்போது ஒப்போ, ஒன்பிளஸ், ரியல்மி வகையறா 80 வாட் அடாப்டரைத் திருப்புங்கள். 5 வோல்ட் 2 ஆம்பியர், அல்லது 5 முதல் 11 வோல்ட் வரை 7.3 ஆம்பியர் என்று இருக்கும். அந்த இரண்டாவது வரி அவர்களின் சொந்த சூப்பர்வூக் முறைக்கு. அது தெரியாத போனைச் செருகினால் கிடைப்பது முதல் வரி, அதாவது 10 வாட். 80 வாட் என்று அச்சடித்த அடாப்டரில் வீட்டில் இன்னொருவரின் சாம்சங் போன் பழைய சார்ஜர் வேகத்தில் ஏறுவது இதனால்தான். மறுபக்கமும் உண்டு: இந்தப் போன்களைப் பொதுவான பிடி அடாப்டரில் போட்டால் பழைய மாடல்கள் பலவற்றில் 18 வாட் அளவோடு நின்றுவிடும், புதியவற்றில் நிலைமை தேவலை, ஆனாலும் முழு 80 வராது.

இந்தச் சொந்த முறையை நான் குறை சொல்வதில்லை. எதற்காக வந்தது என்பதைப் பார்த்தால் அதில் நல்ல மூளை இருக்கிறது. பத்து வருடத்துக்கு முன்பு வேக சார்ஜ் என்றால் குவால்காமின் குவிக் சார்ஜ் 2.0. அடாப்டர் 9 அல்லது 12 வோல்ட் அனுப்பும், போனுக்குள் அதைப் பேட்டரிக்கு ஏற்ற மாதிரி இறக்க வேண்டும், அப்படி இறக்கும்போது வரும் சூடு போனுக்குள்ளேயே, பேட்டரிக்குப் பக்கத்திலேயே தங்கும். 2014-ல் வந்த ஒப்போவின் வூக் இதைத் தலைகீழாக்கியது: 5 வோல்ட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு 4 ஆம்பியர் அளவுக்கு அனுப்பியது, வோல்டேஜைச் சரிசெய்கிற வேலையையும் அதனால் வரும் சூட்டையும் அடாப்டரிடம் தள்ளிவிட்டது. சார்ஜ் போட்டுக்கொண்டே போனைப் பயன்படுத்தினாலும் கை சுடாது என்று பேர் வாங்கினது இதனால்தான். பொதுத் தரத்தில் 2017 வாக்கில் வந்த பிபிஎஸ் கிட்டத்தட்ட இதே எண்ணத்தைத்தான் எல்லோருக்கும் பொதுவாக்கியது.

அப்போது பேட்டரிக்கு எது நல்லது? நிதானமா ஏத்தினாதான் பேட்டரி நீடிக்கும் என்று பெரியவர்கள் சொல்வதில் பாதி உண்மை. அதிகக் கரண்ட் செல்லுக்குச் சுமைதான், குறிப்பாகக் குளிரில் வேகமாக ஏற்றினால் லித்தியம் உலோகமாகப் படிய ஆரம்பிக்கும். ஆனால் நம் ஊரில் பேட்டரியின் முதல் எதிரி வெயில். ஐபோனைப் பயன்படுத்த ஏற்ற வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி என்று ஆப்பிள் சொல்கிறது; கத்திரி வெயிலில் வேலூரிலும் திருத்தணியிலும் நிழலே 40 டிகிரியைத் தாண்டும். அந்த நேரத்தில் தடிமனான கவர் போட்டு, தலையணை மேல் வைத்து, 10 வாட்டில் மூன்று மணி நேரம் சார்ஜ் போட்டுக்கொண்டே கேம் ஆடினால் அது பேட்டரிக்குச் செய்யும் கெடுதல், கவரைக் கழற்றி வெறும் தரையில் வைத்து 67 வாட்டில் முக்கால் மணி நேரம் போடுவதை விட அதிகம். சூடு ஏறினால் போனே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஐபோன் சில சமயம் சார்ஜையே நிறுத்திவிடும். மே மாத மத்தியானத்தில் 120 வாட் வைத்திருந்தாலும் 120 கிடைக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு எதிரி, 100 சதவீதத்திலேயே மணிக்கணக்கில் உட்கார வைப்பது. ராத்திரி பத்து மணிக்குச் செருகிக் காலை ஆறு மணிக்கு எடுப்பவர்கள் செட்டிங்ஸில் 80 சதவீத வரம்பு இருக்கிறதா என்று பாருங்கள், ஐபோன் 15 முதலும் இப்போதைய சாம்சங் போன்களிலும் இருக்கிறது. இதை ஆன் செய்துவிட்டால் எந்த வாட் சார்ஜர் என்பது பெரிய விஷயமே இல்லை. ஐரோப்பாவில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் போன் பேட்டரி 800 முறை முழுச் சார்ஜ் ஆன பிறகும் 80 சதவீதக் கொள்ளளவை வைத்திருக்க வேண்டும் என்று விதி. வேக சார்ஜுக்குத் தனிச் சலுகையெல்லாம் அதில் கிடையாது.

கரண்ட் பில்லைப் பற்றி ஒரு வரி போதும்: வீணாவதையும் சேர்த்து ஒரு யூனிட்டில் 5000 மில்லி ஆம்பியர் போனை சுமார் 40 முறை நிரப்பலாம். வயர்லெஸ் பற்றியும் ஒரு வரி: வசதி, மெதுவு, சூடு.

வேகம் நிஜமாகவே கைகொடுக்கும் இடங்கள் வேறு. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்குக் கரண்ட் போகும் என்று செய்தி வந்திருக்கும், மறந்துபோய் எட்டரைக்குத்தான் ஞாபகம் வரும். அந்த அரை மணி நேரத்தில் 10 வாட் சார்ஜர் 20 சதவீதம் கொடுப்பதற்கும் 45 வாட் சார்ஜர் 60-ஐ ஒட்டிக் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் மதியம் இரண்டு மணிக்குத் தெரியும். ரயிலிலும் இதே கதை, பிளக் பாயின்ட்டுக்கு எதிர் சீட்டுக்காரரும் காத்திருப்பார். ரயில் பெட்டிக்குள் 110 வோல்ட் என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அடாப்டரில் இன்புட் 100-240 என்று இருந்தால் தாராளமாகச் செருகலாம்.

கேபிளில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். இரண்டு பக்கமும் டைப் சி இருக்கும் சாதாரண கேபிள் 3 ஆம்பியர் வரைதான். அதற்கு மேல் போக கேபிளுக்குள்ளேயே ஒரு சின்ன சிப் இருக்க வேண்டும், 5 ஆம்பியர் கேபிள் என்று கேட்டு வாங்க வேண்டும். சாம்சங்கின் 45 வாட்டுக்கு இது அவசியம். 3 ஆம்பியர் கேபிள் போட்டால் அந்த வேகம் வராது.

இரண்டு மூன்று போர்ட் உள்ள 65 வாட் கேன் அடாப்டர்கள் இப்போது பிரபலம். சிலிக்கானுக்குப் பதில் கேலியம் நைட்ரைடு, அதனால் சைஸ் சின்னது, மற்றபடி மந்திரம் ஒன்றும் இல்லை. ஒரு போர்ட்டில் லேப்டாப்புக்கு 65 வாட் போய்க்கொண்டிருக்கும்போது இன்னொன்றில் போனைச் செருகினால் முதல் போர்ட் ஒரு விநாடி துண்டித்துவிட்டு 45-ஆகத் திரும்ப வரும். சிலவற்றில் கீழே இருக்கும் இரண்டு போர்ட்டுக்கும் சேர்த்தே 15 வாட்தான். இதையும் அந்தப் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்.

விலை குறைந்த பெயரில்லாத சார்ஜரை மட்டும் நான் எந்தக் கணக்கிலும் சேர்ப்பதில்லை. வேகம் அங்கே பிரச்சினையே இல்லை. 230 வோல்ட் பக்கத்துக்கும் உங்கள் கை படும் 5 வோல்ட் பக்கத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளியையும் இன்சுலேஷனையும் மிச்சம் பிடித்துத்தான் அந்த விலைக்குக் கொடுக்கிறார்கள். இந்தியாவில் விற்கும் அடாப்டரில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் ஐஎஸ் என்று தொடங்கும் தர எண்ணும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணை பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டால் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும், கடையிலேயே நின்று பார்த்துவிடலாம். ஒரு விஷயம்: இரண்டு பின் மட்டும் உள்ள அடாப்டரில் சார்ஜ் போட்டபடி போனின் உலோக ஓரத்தைத் தடவினால் லேசாக ஊர்வது மாதிரி இருப்பது ஒரிஜினலிலும் உண்டு, உள்ளே இருக்கும் ஒரு கெப்பாசிட்டர் வழியாக வரும் மிகச் சிறிய கசிவு அது. சுரீர் என்று அடித்தால் அது வேறு, உடனே ஸ்விட்சை அணைத்துவிட்டுத் தூக்கிப் போடுங்கள்.

ஆக, வீட்டில் ஐபோனும் சாம்சங்கும் வேறு சிலதும் கலந்து இருக்கிறதா, பிபிஎஸ் உள்ள 45 வாட் அடாப்டர் ஒன்றும் 5 ஆம்பியர் கேபிள் ஒன்றும் வாங்குங்கள், வேறெதையும் யோசிக்க வேண்டாம். ஐபோன் மட்டும் என்றால் 20 அல்லது 30 வாட் பிடி போதும். எல்லாமே ஒன்பிளஸ், ஒப்போ என்றால் அவர்கள் பெட்டியில் கொடுத்த அடாப்டரையும் அதோடு வந்த கேபிளையும் பிரிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், தொலைந்தால் அதே கம்பெனியுடையதை வாங்குங்கள். 120 வாட் அடாப்டரைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை, உங்கள் போன் அதை ஏற்கும் என்றால் ஒழிய.

அப்புறம், பழைய 10 வாட் சார்ஜரைத் தூக்கிப் போடாதீர்கள். விலை குறைந்த புளூடூத் ஹெட்செட், டார்ச் லைட், டிரிம்மர் மாதிரியானவற்றில் டைப் சி ஓட்டை இருக்கும், ஆனால் பிடி அடாப்டருக்குப் பதில் சொல்ல வேண்டிய இரண்டு சின்ன ரெசிஸ்டரைக் கம்பெனிக்காரன் போடாமல் விட்டிருப்பான். புது அடாப்டரில் இரண்டு பக்கமும் டைப் சி உள்ள கேபிளால் செருகினால் அவை செத்த மாதிரி கிடக்கும். பழைய சார்ஜரில், ஒரு பக்கம் அகலமான யூஎஸ்பி உள்ள கேபிளில் போட்டால் உடனே லைட் எரியும்.