முதல் இரவே அடித்துப்போட்டதுபோல் தூக்கம் வந்ததா? அந்த மருந்தைச் சந்தேகியுங்கள்

தூக்கத்துக்கென்று பெயர் தெரியாத மூலிகைப் பொடியையோ உருண்டையையோ சில வாரங்களாகச் சாப்பிட்டுவருகிறவர் யாராவது இதைப் படித்தால், முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இன்றிரவே அதை நிறுத்திவிடாதீர்கள். மிச்சமிருக்கும் பொட்டலத்தையும் கையில் எடுத்துக்கொண்டு நாளைக் காலை ஒரு மருத்துவரிடம் போங்கள். நான் அப்படிச் செய்யவில்லை. பாதியில் திடீரென்று நிறுத்தினேன். மூன்றாம் நாள் டீ டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை ஆடியது. வலிப்பு வராமல் தப்பித்தது என் நல்ல காலம் என்று பின்னால் மருத்துவர் சொன்னார்.

நான் கோவையில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் 26 வருடம் வேலை பார்த்தவன். கடைசிப் பதினோரு வருடம் மேஸ்திரி. பகல் ஷிப்ட், அரை நைட், முழு நைட் என்று வாரத்துக்கு ஒன்றாக மாறி மாறி வரும். முழு நைட் வாரத்தில் காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, தெருவில் காய்காரர் கூவுவதைக் கேட்டுக்கொண்டே படுப்பேன். வேலையில் இருந்தவரை எப்படியோ ஓடிவிட்டது. ஓய்வு பெற்ற பிறகுதான் தூக்கம் அடியோடு போயிற்று. பத்து மணிக்குப் படுத்தால் பன்னிரண்டு, ஒன்று, இரண்டு என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கிடப்பேன். மூன்றரைக்குப் பால் வண்டி வரும். அந்தச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் அவ்வளவுதான் என்று நெஞ்சு கனத்துப்போகும்.

ஒருநாள் இருநாள் அல்ல, ஏழு மாதம். பாலில் ஜாதிக்காய், கசகசா, உள்ளங்காலில் நல்லெண்ணெய், வடக்கே தலை வைக்காமல் கட்டிலைத் திருப்பிப் போடுவது என்று சொன்னவர்கள் சொன்னதையெல்லாம் என் மனைவி செய்து பார்த்தாள். தூங்காத மனிதன் எதையும் நம்புவான். அவனிடம் பணம் பறிப்பது சுலபம். அது அந்த ஆட்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

செய்தித்தாளின் நடுவில் மடித்து வைத்த துண்டுச்சீட்டில்தான் அது வீட்டுக்கு வந்தது. ‘தூக்கமின்மைக்கு இலவச மூலிகை முகாம். 21 நாளில் நிரந்தரக் குணம். பக்க விளைவு இல்லை.’ ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. அறுபது பேராவது இருப்போம். பாதிக்கு மேல் என் வயதுக்காரர்கள். வைத்தியர் என்று உட்கார்ந்திருந்தவர் இரண்டு நிமிடம் நாடி பிடித்தார். “பித்தம் ஏறி நரம்பு சூடாகிவிட்டது ஐயா. இங்கிலீஷ் மருந்துக்குப் போயிருந்தால் ஆயுளுக்கும் அடிமையாகி இருப்பீர்கள். நல்ல வேளை, என்னிடம் வந்தீர்கள்” என்றார். அந்தச் சொற்களை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு பற்றி எரிகிறது. அடிமையாக்கும் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் சொல்லியிருக்கிறார்.

முகாம்தான் இலவசம். மருந்து 3,800 ரூபாய். காலையில் ஒரு லேகியம், மாலையில் ஒரு சூரணம், இரவு படுக்கும் முன் சாம்பல் நிறத்தில் ஒரு சிறிய உருண்டை. பிளாஸ்டிக் டப்பாவின் மேல் சாமி படமும் ஒரு கைப்பேசி எண்ணும் மட்டும் ஒட்டியிருந்தன. ரசீது கேட்டேன்; கொடுத்தார்கள். அதில் மருந்தின் பெயர் இல்லை. ‘நன்கொடை’ என்று அச்சிட்டிருந்தது. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. புகார் கொடுக்கப் போன இடத்தில்தான் அந்த ஒரு சொல்லின் தந்திரம் புரிந்தது.

முதல் நாள் இரவு ஒன்பதரைக்கு உருண்டையை விழுங்கினேன். அடுத்து எனக்குத் தெரிந்தது காலை ஏழு மணி. ஏழு மாதத்துக்குப் பிறகு ஒரு முழு இரவுத் தூக்கம். எழுந்து திண்ணையில் உட்கார்ந்து அழுதேன். அந்த வாரமே என்னோடு வேலை பார்த்த மூன்று பேருக்குப் போன் செய்து அந்த எண்ணைக் கொடுத்தேன். இந்தப் பதிவை எழுதுவதற்கு அதுதான் முதல் காரணம். மூவரும் என் சொல்லை நம்பிப் போனார்கள். அதில் ஒருவர் காலை வேளையில் ஸ்கூட்டரில் போகும்போது கண் சொருகி விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது.

நான்காவது வாரம் ஒரு உருண்டை போதவில்லை. போனில் கேட்டேன். “இரண்டாகப் போட்டுக்கொள்ளுங்கள் அண்ணா, மூலிகைதானே” என்றது ஒரு பெண் குரல். அதற்குப் பிறகு வீட்டில் நடந்தவை எனக்கே தெரியாது. மனைவி சொல்லித்தான் தெரியும். ஒருநாள் காலை, “ஏனுங்க, ராத்திரி மகளிடம் கால் மணி நேரம் பேசினீர்களே, என்ன முடிவு செய்தீர்கள்?” என்று கேட்டாள். பேசியதே எனக்கு நினைவில்லை. பேத்தியின் காதுகுத்துக்குத் தேதி குறித்திருக்கிறேன், அதுவும் நினைவில்லை. இன்னொரு நாள் விடியற்காலையில் குளியலறையில் விழுந்து புருவத்தில் நான்கு தையல். அன்றுதான் பயந்துபோய் மருந்தை நிறுத்தினேன்.

நிறுத்திய முதல் இரவு சொட்டுத் தூக்கம் இல்லை. இரண்டாம் இரவும் இல்லை. வியர்வை, படபடப்பு, கை நடுக்கம், சுவரில் தெரியும் நிழலைப் பார்த்தாலே திடுக்கிடல். அவர்களுக்கே போன் செய்தேன். பதில் தயாராக இருந்தது. “உடம்பிலிருக்கும் கழிவு வெளியே வருகிறது. மருந்து வேலை செய்வதற்கு இதுதான் அடையாளம். பாதியில் விட்டதால் வந்த வினை. ஒரு மண்டலம், 48 நாள், இரண்டாம் கட்ட மருந்து சாப்பிட வேண்டும். 9,500 ரூபாய்.” கொடுத்தேன். உருண்டையைப் போட்ட அரை மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. அவர்கள் சொன்னது சரி என்றே நம்பினேன்.

அவர்கள் வியாபாரத்தின் உயிரே இந்த இடத்தில்தான் இருக்கிறது. சாப்பிட்டால் தூக்கம் வருகிறது, விட்டால் போகிறது. ஆகவே மருந்து நல்ல மருந்து என்று நம் உடம்பையே சாட்சிக்கு நிறுத்துகிறார்கள்.

காதுகுத்துக்கு வந்த மகள் என் நடையைப் பார்த்தாள். “அப்பா, நீங்கள் குடித்தவர் மாதிரி நடக்கிறீர்கள்” என்றாள். மறுநாளே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துக்கொண்டு போனாள். பைத்தியத்துக்குப் பார்க்கிற இடத்துக்கு நான் ஏன் வர வேண்டும் என்று வாசல்வரை சண்டை போட்டேன். அங்கிருந்த மருத்துவர் டப்பாக்களை வாங்கி முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. என்னென்ன நேர்ந்தது என்று கேட்டுவிட்டுச் சிறுநீர்ப் பரிசோதனைக்கு எழுதினார். கைக்கு அடக்கமான ஒரு அட்டை; மருந்து இல்லாவிட்டால் அந்தந்த இடத்தில் ஒரு கோடு தெரியும், இருந்தால் கோடு வராது. என் அட்டையில் பென்சோடயசெபின் என்ற இடத்தில் கோடு வரவில்லை. “நீங்கள் தூக்க மாத்திரைதான் சாப்பிட்டிருக்கிறீர்கள். எது, எவ்வளவு என்பதுதான் தெரியாது” என்றார்.

அல்பிரசோலம், டயசெபாம் எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவை. 2014 மார்ச் முதல் இவை நம் நாட்டில் எச்1 அட்டவணையில் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில் தரக்கூடாது. எழுதிய மருத்துவர் பெயர், வாங்கியவர் பெயர், எத்தனை மாத்திரை என்பதைத் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். அவ்வளவு காவல் போட்ட சரக்கை உருண்டையாகப் பிடித்து மண்டபத்தில் வைத்து விற்றிருக்கிறார்கள். மருத்துவர் கையிலிருந்தால் இதே மருந்துக்கு அளவு உண்டு, கெடு உண்டு. எனக்கு இரண்டும் இல்லை. சில வாரம் விடாமல் சாப்பிட்டால் மூளை அதற்குப் பழகிவிடுகிறது. திடீரென்று நிறுத்தினால் அடக்கி வைத்த நரம்பெல்லாம் ஒரே நேரத்தில் எகிறுகிறது. கழிவும் இல்லை, பித்தமும் இல்லை. உருண்டையில் எவ்வளவு கலந்திருக்கிறது என்று தெரியாததால், மருத்துவர் என்னை அளவு தெரிந்த ஒரு மாத்திரைக்கு மாற்றி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் குறைத்தார். நான்கு மாதம் பிடித்தது.

நான் சித்த வைத்தியத்தைக் குறை சொல்லவில்லை. அதே வளாகத்தில் இருந்த சித்தப் பிரிவு மருத்துவரிடமும் அந்த டப்பாவைக் காட்டினேன். எல்லோரையும்விட அவருக்குத்தான் கோபம் அதிகம். அமுக்கராவோ சடாமாஞ்சிலோ ஒரே இரவில் மனிதனை இப்படி வீழ்த்தாது என்றார். விற்கிற சித்த மருந்தின் மேல் உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, சேர்மானங்கள் எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும் என்றும், எழுதித் தருகிற மருத்துவரின் பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம் என்றும் சொன்னார். என் டப்பாவில் சாமி படம்தான் இருந்தது.

மனநலப் பிரிவில் மாத்திரையைக் குறைப்பதோடு விடாமல், தூங்குவதற்கே வேறொரு வழியைக் கற்றுக்கொடுத்தார்கள். தூக்கமின்மைக்கான அறிதிறன் நடத்தை சிகிச்சை என்று அதற்குப் பெயர். நீண்ட நாள் தூக்கமின்மைக்கு மருந்துக்கு முன்னால் இதைத்தான் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்களின் அமைப்பான ‘அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ்’ 2016ல் தன் வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. வாரத்தில் மூன்று இரவாவது, மூன்று மாதத்துக்கு மேல் என்றால் அது நாள்பட்ட தூக்கமின்மை. நான் அந்த எல்லையை எப்போதோ தாண்டியிருந்தேன். அந்தத் துண்டுச்சீட்டு வருவதற்கு முன்பே இங்கே வந்திருக்க வேண்டும்.

தொடங்கும் முன், நான் குறட்டை விடுகிறேனா, நடுவில் மூச்சு நிற்கிறதா என்று என் மனைவியிடம் துருவித் துருவிக் கேட்டார்கள். தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் இருந்தால் தூக்க மாத்திரை அதை இன்னும் மோசமாக்கும். தைராய்டும் பார்த்தார்கள். பிறகு ஒரு நோட்டைக் கொடுத்து, எப்போது படுத்தேன், ஏறத்தாழ எப்போது தூங்கினேன், எப்போது எழுந்தேன் என்று இரண்டு வாரம் எழுதச் சொன்னார்கள். கணக்குப் பார்த்தால் ஒன்பது மணி நேரம் படுக்கையில் கிடந்து ஐந்தரை மணி நேரம் தூங்கியிருக்கிறேன். நான் கண்ணே மூடவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தது உண்மை இல்லை என்று அந்த நோட்டுதான் காட்டியது.

அப்புறம் சொன்னதைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இனிமேல் இரவு பன்னிரண்டுக்குத்தான் படுக்க வேண்டும், காலை ஐந்தரைக்கு எழுந்துவிட வேண்டும். தூக்கம் வந்தாலும் வராவிட்டாலும் ஐந்தரை. பகலில் படுக்கக்கூடாது. படுத்துத் தூக்கம் வராமல் ஏறத்தாழ இருபது நிமிடம் போய்விட்டது என்று தோன்றினால் எழுந்து கூடத்துக்கு வந்துவிட வேண்டும். கண் சொருகும்போதுதான் திரும்பக் கட்டிலுக்கு. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றச் சொன்னார்கள். மதியத்துக்கு மேல் டீ கிடையாது. உள்ளே போன காஃபினில் பாதி உடம்பைவிட்டு நீங்கவே ஐந்து மணி நேரம் போல ஆகுமாம். மில்லில் இரவு இரண்டு மணி டீயில் உயிர் வாழ்ந்தவனுக்கு அது பெரிய இழப்பு. முதல் பத்து நாள் நரகம். பகலெல்லாம் தலை தொங்கியது. அந்த நாட்களில் வண்டி ஓட்டக்கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வலிப்பு நோயோ, மனநிலை மிதமிஞ்சி ஏறி இறங்கும் இருமுனைக் கோளாறோ உள்ளவர்கள் இந்த நேரக் குறைப்பைத் தாமாகச் செய்யக்கூடாது என்றும் சொன்னார்.

மூன்றாம் வாரம் பன்னிரண்டுக்குப் படுத்தவன் பன்னிரண்டேகாலுக்குள் தூங்கிவிட்டேன். படுக்கிற நேரத்தில் பெரும்பகுதி தூங்குகிறேன் என்று நோட்டு காட்டியபோதெல்லாம் வாரத்துக்குக் கால் மணி நேரமாகக் கூட்டித் தந்தார்கள். இப்போது பதினொன்றுக்குப் படுக்கிறேன். வாரத்தில் ஒன்றிரண்டு இரவு இன்னும் பால் வண்டிச் சத்தம் கேட்கத்தான் செய்கிறது. பயம் இல்லை. எழுந்து கூடத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். மருத்துவமனையில் எனக்கு ஆன மொத்தச் செலவு பஸ் கட்டணம்தான்.

அங்கே உடனே போக முடியாதவர்கள், யாரைப் பார்ப்பது என்று தெரியாதவர்கள், டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416க்குப் பேசலாம். தமிழிலேயே பேசுவார்கள்.

புகார் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் போய்க் கேட்டபோது அந்த மண்டபத்தில் யாரும் எதுவும் தெரியாது என்றார்கள். கைப்பேசி எண் அணைந்துவிட்டது. நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசினேன். ரசீதைப் பற்றிக் கேட்டார்கள், நன்கொடை என்று இருப்பதைச் சொன்னேன். நான் மருந்து வாங்கினேன் என்று அந்த ரசீது எங்கும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய பொருளின் பெயர் ரசீதில் இருக்கிறதா என்று அந்த இடத்திலேயே பாருங்கள். மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கொடுத்திருக்கிறேன். பிரிக்காத ஒரு டப்பாவை மகள் சொல்லி எடுத்து வைத்திருந்ததால் அதை ஒப்படைக்க முடிந்தது. கோபத்தில் சாக்கடையில் கொட்டியிருந்தால் காட்டுவதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

நான் அனுப்பி வைத்த மூன்று பேரில் இருவர் இப்போது என் மருத்துவரிடமே குறைத்துக்கொண்டு வருகிறார்கள். தோள்பட்டை முறிந்தவர் என்னோடு பேசுவதில்லை. அவருடைய மனைவி போன மாதம் பாக்கி உருண்டைகளை ஒரு உறையில் போட்டுக் கொடுத்தனுப்பினார். மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் வியாழக்கிழமை வாக்குமூலத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்த உறையையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.